சின்னப் பள்ளத்தாக்குதானே என்று இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக்குப் பக்கத்தில் வெர்கோர் என்ற சுண்ணாம்புக்கல் மலை இருக்கிறது. அங்கிருந்து ஃபியூரோன் என்ற ஓடை பாறையை அறுத்துக்கொண்டு சஸ்னாஜ் ஊரை நோக்கி இறங்குகிறது. அதன் மேல்பகுதி, கேன்யனிங், அதாவது மலை இடுக்குக்குள் ஓடையோடு சேர்ந்து இறங்கும் விளையாட்டு, பழகுகிறவர்களுக்குப் பேர்போன இடம். மடுவில் குதிக்கலாம், வழுவழுத்த பாறையில் சறுக்கலாம், கயிறு போட்டு அருவியில் இறங்கலாம். அரை நாளில் முடிந்துவிடும். அதனாலேயே "சின்னதுதானே" என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அருவியில் இறங்கிக் கயிற்றை உருவி எடுத்துவிட்டால், மேலே ஏறித் திரும்ப வழி கிடையாது. நடுவில் கரையேறும் இடம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாதவனுக்கு அரைக் கிலோமீட்டரும் ஐந்து கிலோமீட்டரும் ஒன்றுதான்.

மோசமான தவறு, தலைக்கு மேலே தெரியும் வானத்தை நம்புவது. இடுக்குக்குள் நின்றால் ஒரு முழம் அகல வானம்தான் தெரியும். அது நீலமாக இருக்கும்போதே மேலே எங்கோ இடி இடித்துக்கொண்டிருக்கலாம். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட் ஓடையில் நடந்தது இதுதான். மேலே பெய்த இடிமழையில் திடீரென வெள்ளம் வந்து, வழிகாட்டிகள் மூவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

சுண்ணாம்பு மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழைநீர் ஓடையில் மட்டும் ஓடாது. பாறை வெடிப்புகளிலும் குழிகளிலும் புகுந்து, மலைக்குள்ளேயே பயணம் செய்து, வேறெங்கோ ஊற்றாக வரும். ஃபியூரோனுக்கு மேலே சோர்னான் பீடபூமியில் பெர்ஜே குகை இருக்கிறது. உலகில் முதன்முதலாக ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கீழே மனிதர்கள் இறங்கியது 1956-இல் அங்கேதான். அந்தக் குகைக்குள் ஓடும் தண்ணீர் வெளியே வருவது கீழே சஸ்னாஜ் குகைகளில். இப்படி வரும் நீர், மழை விட்ட பிறகும் ஏறிக்கொண்டிருக்கலாம். ஆகவே இன்றைய வானிலையோடு நேற்றிரவு மேலே பெய்த மழையையும் விசாரியுங்கள். வசந்தத்தில் பனி உருகும் நாட்களில் காலையில் பார்த்த அளவை மதியத்துக்கு நம்பக்கூடாது. மேலே மின்நிலைய அணை இருக்கும் ஓடையென்றால், வெயில் அடிக்கும்போதே நீர் ஏறலாம் என்ற எச்சரிக்கைப் பலகை இருக்கும். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

தண்ணீர் கலங்குகிறது, இலை சருகு மிதந்து வருகிறது, இரைச்சல் மாறுகிறது என்றால் நேரமில்லை. "ஓடிப்போய் முடித்துவிடலாம்" என்று கீழ்நோக்கிப் பாய்வதுதான் அடுத்த தவறு. பக்கத்தில் உயரமான திட்டு எதுவோ அதில் ஏறி உட்காருங்கள். மணிக்கணக்கில் உட்கார நேர்ந்தாலும் சரி.

அப்புறம் குதிப்பது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இந்த விளையாட்டுக்காகவே சொன்னது போல இருக்கிறது. போன வருஷம் இங்கே குதித்தேன் என்பது எந்த உத்தரவாதமும் அல்ல. ஒரே வெள்ளத்தில் மடு சரளைக்கல்லால் நிரம்பிவிடும், இல்லை ஒரு மரம் உள்ளே வந்து குறுக்கே கிடக்கும். ஒருவர் கயிற்றிலோ ஓரமாகவோ இறங்கி, நீச்சல் கண்ணாடி போட்டு உள்ளே பார்த்த பிறகே மற்றவர்கள் குதிக்கவேண்டும். தெளிந்த நீரில் அடி இருப்பதைவிட மேலாகத்தான் தெரியும், அதனால் கேடில்லை. நுரை மூடிய மடுதான் பயம்: பாறையை மறைக்கும், காற்று கலந்த நீர் என்பதால் உடலையும் சரியாகத் தாங்காது. தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது. கால்கள் சேர்ந்து, முழங்கால் சற்று மடங்கி, கைகள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். பிட்டம் பட விழுந்தால் முதுகெலும்பு பதில் சொல்லும். பயந்தவரைக் கைதட்டிக் குதிக்க வைப்பதும் தவறுதான். அரைமனதோடு குதிப்பவர் கோணலாக விழுவார்.

கயிற்றில், பாறை ஏறிப் பழகியவர்களே தடுமாறுகிறார்கள். கயிற்று நுனியில் முடிச்சுப் போட்டு வைப்பது மலையில் நல்ல பழக்கம். நீர் கொட்டும் அருவியில் அதே முடிச்சு ஆளைக் கொல்லும்: கயிற்றில் இறங்க இடுப்பில் மாட்டியிருக்கும் இறங்குகருவியில் வந்து மாட்டிக்கொண்டால் தலையில் கொட்டும் தண்ணீருக்குக் கீழே தொங்கவேண்டியதுதான். அதனால் நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை விடுவார்கள். மிச்சம் மேலே பையிலேயே இருக்கும். கட்டும் விதமும், கீழே ஆள் மாட்டினால் மேலே இருப்பவர் அவிழ்த்துத் தளர்த்தி இறக்கும்படி இருக்கும். நீளமாக விட்டால், நீரில் மிதக்கும் கயிறு காலைச் சுற்றும். அருவி இரைச்சலில் கத்தி ஒன்றும் ஆகாது, விசில்தான். ஒரு ஊதலுக்கு "நில்"; மற்றவற்றைக் கரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விரித்த தலைமுடியும் தொங்கும் நாடாவும் கருவிக்குள் போய்விடும், உள்ளே செருகிவிடுங்கள். அருவி விளிம்பை எட்டிப் பார்க்கும் ஆசை வந்தால், முதலில் இடுப்புப் பட்டையைப் பாறைக் கொக்கியில் மாட்டிவிட்டு எட்டிப் பாருங்கள்.

சறுக்கில் செய்வது ஒரே தவறு, முழங்கையை ஊன்றி வேகத்தைக் குறைக்கப் பார்ப்பது. மல்லாந்து, கால் முன்னே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு போங்கள். பாறை எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் எங்கோ ஒரு விளிம்பு முழங்கைக்காகக் காத்திருக்கும்.

ஒரு பள்ளத்தாக்கு எவ்வளவு கடினம் என்று சொல்லும் பிரெஞ்சுத் தர அட்டவணையில் செங்குத்துக்கு ஒரு எண், தண்ணீருக்கு ஒரு எண் இருக்கும். பலர் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். இரண்டுமே வழக்கமான நீரளவுக்குச் சொன்னவை; நீர் கூடினால் அந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாகக் குளிர். மலையூற்று நீர் ஆகஸ்டிலும் எலும்பைத் தொடும். ஐந்து மில்லிமீட்டர் நியோபிரீன் ரப்பர் உடையை வெயிலில் பார்த்து "இவ்வளவு தடிமன் எதற்கு" என்று சிரித்தவர்தான் மூன்றாவது மடுவில் பல் கிட்டித்து நிற்பார். விரல் விறைத்தால் கொக்கியைத் திறக்க வராது. அங்கிருந்துதான் மற்ற தவறுகளும் ஆரம்பம். நடுங்குகிறவரைக் கடைசியாக விடாதீர்கள். அடுத்த கயிற்றில் அவரை முன்னால் அனுப்பி, கீழே வெயில் படும் பாறையில் நிற்க வையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்று, பேச்சும் குழறினால், அது தேறிவிட்டார் என்பதற்கான அடையாளம் அல்ல. அடுத்த கரையேறும் இடத்தில் எல்லோரும் வெளியேறிவிட்டு ஐரோப்பிய அவசர உதவி எண்ணான 112-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், எத்தனை மணிக்குள் வருவோம் என்று மேலே ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கவேண்டும்.