காவல்துறைக்குள்ளிருந்து எழும் புகார்: அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல்துறையின் முறைகேட்டை அத்துறையின் அலுவலர் ஒருவரே வெளிப்படுத்தும்போது அரசுகள் செய்யும் முதன்மையான தவறு, புகாரை விட்டுவிட்டுப் புகார் கொடுத்தவரை விசாரிக்கத் தொடங்குவதுதான். பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரமா, மேலதிகாரியுடன் பழைய பகையா என்ற கேள்விகள் முந்திக்கொள்ள, அவர் சொன்னது உண்மையா என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது. பகையால் சொல்லப்பட்டாலும் லஞ்சம் லஞ்சம்தான். அயர்லாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், தகவல் அளித்தவரின் நோக்கத்தைப் பார்த்துப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்பதை ஐயத்திற்கிடமின்றி வரையறுத்திருக்கிறது.

அதே நாட்டில் மாரிஸ் மெக்கேப் என்ற காவல்துறை சார்ஜென்ட், போக்குவரத்து விதிமீறலுக்காக ஓட்டுநர் உரிமத்தில் பதிவாகும் அபராதப் புள்ளிகள் முறைகேடாக ரத்து செய்யப்படுவதை வெளிக்கொணர்ந்தார். 2014 ஜனவரியில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன் வந்த காவல் ஆணையர், அலுவலர்கள் இப்படித் துறையின் முறைகேட்டை வெளிப்படுத்துவதை அருவருப்பானது என்றார். மார்ச் மாதம் காவல்துறை ஆய்வு அமைப்பின் அறிக்கை, மெக்கேப் சொன்ன குறைகளை உறுதிப்படுத்தியது. ஆணையரும் பதவி விலகினார். இத்துடன் கணக்கு முடிந்தது என்று கருதுவது அடுத்த தவறு. மெக்கேபின் பெயரைக் கெடுக்க அந்த ஆணையரே அவதூறு பரப்பினார் என்று விசாரணைத் தீர்ப்பாயம் அறிவித்தது 2018-இல்தான். பதவி விலகல் ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்குகிறதே தவிர, களங்கப்பட்ட பெயரை மீட்டுத் தருவதில்லை.

புகாரை அது குற்றஞ்சாட்டும் அதிகார அடுக்கிடமே திருப்பி அனுப்புவதும் பழைய தவறு. நியூயார்க்கில் ஃபிராங்க் செர்பிகோ என்ற காவலர் 1967 முதல் மேலதிகாரிகளிடம் சக காவலர்களின் லஞ்சத்தைப் பற்றி முறையிட்டும் பயனில்லை. 1970-இல் நாளேடு ஒன்றில் செய்தி வெளியான பின்னரே மேயர் விசாரணைக் குழுவை அமைத்தார்.

எளிதில் கண்ணில் படாத தவறு, பழிவாங்கலை நிர்வாக நடவடிக்கை என்று ஏற்பதாகும். இடமாற்றம், விடுப்பு மறுப்பு, திடீர்க் குறிப்பாணை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கும். தனித்தனியே பார்த்தால் குற்றம் தெரியாது. புகார் அளித்த தேதியோடு சேர்த்து அவற்றை வரிசைப்படுத்தினால்தான் உருவம் புலப்படும் என்பதால், புகாருக்கும் நடவடிக்கைக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு துறையின் மீதே இருக்க வேண்டும். குற்றப் பதிவுகள் திரிக்கப்படுவதாகக் குரலெழுப்பிய நியூயார்க் காவலர் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட், 2009 அக்டோபர் 31 அன்று சக அலுவலர்களால் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, மனநலப் பிரிவில் ஆறு நாட்கள் அடைக்கப்பட்டார். துறையின் உள் விசாரணையே பின்னர் அவருடைய புகார்களில் உண்மை இருப்பதைக் கண்டது.

பெயரை மறைத்தால் போதும் என்று எண்ணுவதும் தவறே. சிறிய நிலையத்தில் ஒரு கோப்பைப் பார்த்தவர் இருவரே என்றால், புகாரின் உள்ளடக்கமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பாதுகாப்பு என்பது, விசாரணை முடியும்வரை அவரது பணி மதிப்பீட்டையும் பணியிடத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடமிருந்து எடுத்துவிடுவதில் தொடங்க வேண்டும்.