பாலீர்ப்பும் புகைப்பழக்கமும்: ஆய்வு அட்டவணையைப் படிக்கும் முறை

தன்பாலீர்ப்பாளர்களும் இருபாலீர்ப்பாளர்களும் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைபிடிக்கிறார்கள் என்ற செய்தி, பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளை ஆதாரமாகக் காட்டி, அவ்வப்போது வெளிவருகிறது. இதற்குக் காரணம் வீட்டுச் சூழலா என்ற கேள்வியும் உடனே எழுகிறது. அந்த ஆய்வுகளின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டிய மாணவருக்கோ செய்தியாளருக்கோ உதவும் சில வழிமுறைகள் இவை.

எண்களுக்கு முன்னால் கேள்வித்தாளைப் படியுங்கள். அமெரிக்காவின் தேசிய உடல்நல நேர்காணல் ஆய்வு 2013 முதல், ஒருவர் தம்மை எவ்வாறு கருதுகிறார் என்று கேட்டே அவரது பாலீர்ப்பைப் பதிவு செய்கிறது. ஆகவே ஈர்ப்பு இருந்தும் அந்த அடையாளத்தை ஏற்காதவர் வேறு பிரிவில் எண்ணப்பட்டுவிடுவார். அதுபோலவே, வாழ்நாளில் 100 சிகரெட்டாவது புகைத்து, இப்போதும் தினமுமோ சில நாட்களிலோ புகைப்பவரே அந்த ஆய்வில் 'தற்போது புகைப்பவர்'. அடுத்து வயது வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டு ஆய்வில், 18 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில் தற்போது புகைப்பவர்கள் எதிர்பாலீர்ப்பாளரிடையே 19.6 விழுக்காடு, தன்பாலீர்ப்பாளரிடையே 27.2, இருபாலீர்ப்பாளரிடையே 29.5. கடைசி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தனித்தனியே எழுதுவதே நல்லது.

2020இல் இதே ஆய்வு, தன்பாலீர்ப்பாளரையும் இருபாலீர்ப்பாளரையும் சேர்த்து 16.1 விழுக்காடு என்றும், எதிர்பாலீர்ப்பாளரிடையே 12.3 என்றும் காட்டியது. இடைவெளி பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கு 18 வயது நிறைந்த அனைவரையும் உள்ளடக்கியது, 2019இல் கேள்வித்தாளே மாற்றி அமைக்கப்பட்டது. இரண்டையும் நேரடியாகக் கழித்துப் பார்ப்பது முறையல்ல.

இனி வீடு. மேற்கண்ட ஆய்வு 2013இல் ஒரு குடும்பத்துக்குப் பெரியவர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்தே புகைப்பழக்கத்தைக் கேட்டது என்பதால், அவருடைய துணைவரோ தாய் தந்தையரோ புகைக்கிறார்களா என்பதை அதன் அட்டவணையிலிருந்து அறிய முடியாது. வீட்டாரைப் பற்றிப் பேச வேண்டுமானால், பெற்றோரிடமும் கேட்ட ஆய்வு தேவை. 1994–95இல் பள்ளி மாணவர்களிடம் தொடங்கி அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த நீண்டகால ஆய்வு ஒன்று, வீட்டில் சிகரெட் எளிதாகக் கைக்கு எட்டுமா என்றுகூட அந்தப் பிள்ளைகளைக் கேட்டது. இத்தகைய தரவுதான் இங்கே பயன்படும்.

அப்படிப்பட்ட தரவு கிடைத்த பிறகும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பெற்றோர் புகைத்தால் பிள்ளை புகைக்கும் வாய்ப்பு கூடும் என்பது உறுதியான உண்மை. ஆனால் புகைக்கும் பெற்றோரின் விழுக்காடு எல்லாப் பிரிவினரிடத்திலும் ஒரே அளவில் இருந்து, அந்தப் பழக்கத்தின் தாக்கமும் எல்லோரிடத்தும் சமமாக இருந்தால், பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை அது விளக்காது. எல்லோருடைய எண்ணையும் ஒரே போல உயர்த்தியிருக்கும், அவ்வளவுதான். எனவே இரண்டைத் தேடுங்கள்: புகைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் எந்தப் பிரிவில் எத்தனை பேர், அந்த வீட்டின் தாக்கம் எந்தப் பிரிவில் எவ்வளவு. இரண்டாவதற்குத் தனி அட்டவணை இல்லையென்றால், வீட்டின் பங்கைப் பற்றி எதுவும் முடிவு கட்டாதீர்கள்.

துணைவர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். புகைக்கும் இருவர் ஒரு வீட்டில் வாழ்கிறார்கள் என்றால், ஒருவர் மற்றவருக்குப் பழக்கியதாகவும் இருக்கலாம். இருவரும் புகைப்பவர்கள் என்பதாலேயே சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஒரே ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பு இதைப் பிரித்துக் காட்டாது; சேர்ந்து வாழத் தொடங்குவதற்கு முன்பும் பின்பும் கேட்டிருக்க வேண்டும். மேலும், நேர்காணல் வீட்டிலேயே நடந்ததா என்றும் பாருங்கள். அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போது ஓர் இளைஞர் தம் ஈர்ப்பைப் பற்றியும் சிகரெட்டைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வீட்டுக்கு வெளியே இருப்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். 1990களின் நடுவில் ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் என்ற அமெரிக்க சிகரெட் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பு ஆண்களைக் குறிவைத்துத் தீட்டிய விற்பனைத் திட்டம், பின்னர் வெளியான அந்நிறுவன ஆவணங்களில் அம்பலமானது. வீட்டாரின் புறக்கணிப்பால் வரும் மன அழுத்தமும் இப்படிப்பட்ட விற்பனை முயற்சியும் ஒரே மனிதரை எட்டுகின்றன. எனவே 'பாலீர்ப்பினால் புகைக்கிறார்கள்' என்று எழுதாமல், 'இந்த ஆய்வில், இந்த வயதினரிடையே, இப்படி அடையாளம் சொன்னவர்களில் இத்தனை விழுக்காட்டினர் புகைக்கிறார்கள். வீட்டாரின் பழக்கம் கேட்கப்பட்டது அல்லது கேட்கப்படவில்லை' என்று எழுதுங்கள்.