வாய்க்காலுக்கு ஒரு நீலத் துணி: டெல்டாவில் சமூகக் கலைப்பணி செய்ய வருகிறவர்களுக்கு

ஓவியம், ஒலிப்பதிவு, வீடியோ எல்லாம் கைவசம் வைத்துக்கொண்டு ஊர்ப் பிரச்சினைக்காக வேலை செய்ய வருகிறவர்கள் பலரும் 'காவிரி' என்ற பெரிய தலைப்பில் கை வைக்கிறார்கள். அதை விடுங்கள். தலைப்பு மதகிலிருந்து கடைமடை வரை 3 கிலோமீட்டர் ஓடும் ஒரே ஒரு கிளை வாய்க்கால் போதும். அதில் கிடப்பதைத் துணியில் நீலமாக அச்சிட்டு, ஊராரின் பேச்சோடு ஊரிலேயே காட்சி வைத்து, வாய்க்காலைத் தூர்வாரக் கேட்பதுதான் வேலை. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்பது தெளிவாக இருக்கும்.

முதலில் நாள் குறியுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். தூர்வாருவது இடைப்பட்ட கோடையில். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில், கிராம சபை கூடும். எனவே பிப்ரவரியில் நடை, மார்ச் தொடக்கத்தில் அச்சு, 20-ஆம் தேதி வாக்கில் காட்சி. ஜூனில் காட்சி வைத்தால் கூட்டம் வரும், ஆனால் தூர்வாரும் காலம் கடந்திருக்கும்.

கிராம வரைபடத்தை எடுத்துக்கொண்டு தலைப்பு மதகிலிருந்து நடந்து, 250 மீட்டருக்கு ஓர் இடம் என 12 இடங்களில் நில்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் வாய்க்காலில் கிடக்கும் ஒரு பொருளை எடுங்கள்: நெய்வேலிக் காட்டாமணக்கு இலை, வெங்காயத்தாமரை, தண்ணி பாக்கெட், தெர்மாகோல் தட்டு. இருப்பிடம் பதிவாகும்படி ஒரு செல்போன் படம், ஒரு நிமிடச் சுற்றுச்சத்தம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்களின் பேச்சைப் பதிய போனே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மைக் ஓட்டையின் மேல் மெல்லிய ஸ்பாஞ்சு வையுங்கள். இல்லாவிட்டால் வயல்காற்று பேச்சைத் தின்றுவிடும். "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். டிவிக்குச் சொன்ன பதிலே திரும்ப வரும். "போன வருசம் தண்ணி என்னைக்கு வந்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேளுங்கள். குத்தகைக்காரர் பேசினால் பெயரும் முகமும் வேண்டாம்; நிலம் கைவிட்டுப் போகலாம். காட்சிக்கு முன்பே பதிவை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

இனி துணி. 6 மீட்டர் காடாத் துணியை அரை மீட்டர் வீதம் 12 துண்டாக வெட்டி, கஞ்சி போகும்வரை அலசிக் காயவையுங்கள். செய்யப்போவது சயனோடைப் அச்சு: மருந்து பூசிய துணியில் பொருளை வைத்து வெயிலில் காட்டி அலசினால், பொருள் மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் நீலமாகவும் நிற்கும். நோட்டீசில் 'நீல அச்சு' என்று போடுங்கள்; 'நீலப்படம்' என்று அடித்துவிட்டால் வேறு கூட்டம் வந்து நிற்கும்.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 125 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 50 கிராமை வேறொரு அரை லிட்டரிலும் கரைத்துத் தனித்தனிக் கருப்புப் பாட்டிலில் வையுங்கள். முதல் கரைசலில் சில வாரங்களில் பூஞ்சை படரும், வடிகட்டிப் பயன்படுத்தலாம். அச்சிடும் நாளில் மட்டும் இரண்டையும் சம அளவில் கலந்து, ஒரு துண்டுக்குச் சுமார் 75 மில்லி வீதம், இரும்புப் பட்டை இல்லாத பிரஷ்ஷாலோ ஸ்பாஞ்சாலோ மங்கிய வெளிச்சத்தில் பூசுங்கள். கையுறை அவசியம், சமையல் பாத்திரம் கூடவே கூடாது. இருட்டறையில் முழுக்கக் காயவேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் வெள்ளையாக நிற்க வேண்டிய இடம் மங்கலாகிவிடும்.

இலைகளை முந்தின இரவே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். காட்டாமணக்கை ஒடித்தால் பால் வடியும், துணியில் கறை விழும். துணிமேல் பொருளை வைத்துக் கண்ணாடியால் இறுக்கி உச்சிவெயிலில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்து நேரத்தை முடிவு செய்யுங்கள். மஞ்சள்பச்சையாக இருந்த பூச்சு வெண்கலச் சாம்பலாக மாறியதும் எடுங்கள். பாட்டில் போலத் தடித்த பொருளின் விளிம்பு மங்கும். தண்ணி பாக்கெட் பாதி நீலமாக விழும், பார்க்க நன்றாகவே இருக்கும்.

மஞ்சள் போகும்வரை அலசுங்கள். அநேகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். போர்த் தண்ணீர் காரத்தன்மையாக இருந்தால் நீலம் வெளுத்துப்போகும். ஒரு வாளிக்கு அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்துவிடுங்கள். கழிவறை ஆசிட் போன்ற கடும் அமிலத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். கழுவிய தண்ணீரையும் அந்த வாய்க்காலிலேயே கொட்டிவிடாதீர்கள். துண்டுகளை வரிசை மாறாமல் தைத்தால் 3 கிலோமீட்டர் வாய்க்கால் 6 மீட்டரில் வந்துவிடும்.

காட்சிக்கு இடம் தேர்வதில் கவனம். கோயில் சுவர் பெரிதாக, வெள்ளையாக இருக்கும். ஆனால் அங்கே வைத்தால் காலனித் தெருவிலிருந்து பாதிப் பேர் வரமாட்டார்கள். எல்லாரும் தயங்காமல் வரும் களமோ பள்ளி மைதானமோ நல்லது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால் இரண்டு தெருவிலும் இரண்டு இரவு. மைக்செட்டுக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள்; இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். நீலத் துணியை ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் 8 அடி அகல வெள்ளைத் திரையில் செல்போன் படங்களைப் பதிந்த பேச்சோடும் சத்தத்தோடும் ஓட்டுங்கள். 3,000 லூமன் புரொஜெக்டரைச் சுமார் 12 அடி தள்ளி வைத்தால் பெரும்பாலும் திரை நிறையும். ஏழேகால் மணிக்கு முன் தொடங்கினால் படம் வெளிறித் தெரியும். மொத்தம் 20 நிமிடம்.

கிராம சபையில் பேச்சோடு விடாமல், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை அடைத்திருக்கிறது என்று எழுதிய மனுவைக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள், நகலும் கேளுங்கள். கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், செலவு எவ்வளவு என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரவேண்டும். வாய்க்கால் யார் பொறுப்பில் என்று தெரியாமல் வேறு அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும், 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

பணம். இந்த வேலை மட்டும் சோறு போடாது. பள்ளி, கல்லூரிகளில் நீல அச்சுப் பயிலரங்கு நடத்துவதுதான் ஓரளவு நிலையான வருமானம். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனிக் கலைஞர்களுக்கும் நிதி தருகிறது. ஆனால் முடித்த வேலை ஒன்றாவது ஒழுங்காகப் பதிவாகி இருந்தால்தான் கேட்கத் தெம்பு வரும். திட்ட மதிப்பீட்டில் உங்கள் நாள்கூலியைத் தனி வரியாக எழுதுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் மூன்றாவது திட்டத்தோடு ஊரை விட்டுப் போகவேண்டியிருக்கும். நடவுப் பாட்டுப் பாடியவர்களுக்கும் தப்பு அடித்தவர்களுக்கும் காட்சி முடிந்த இரவே காசைக் கொடுத்துவிடுங்கள்.

துணியைச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், நீலம் போய்விடும். வெயிலில் தொங்கி மங்கியிருந்தால் சில நாள் இருட்டில் சுருட்டி வையுங்கள், நிறம் பெருமளவு திரும்பிவிடும்.