குழு விவாதத்தில் எல்லைத் தலைப்பு வந்தால்

குன்னூர் வெலிங்டன் பக்கம் காலையில் ஓட வரும் பிள்ளைகள், பெங்களூரு ராணுவ அதிகாரித் தேர்வுக்குக் கிளம்பும் முன் என்னிடம் கேட்பது குழு விவாதத்தைப் பற்றித்தான். எல்லை தாண்டி வருகிறவர்கள் விஷயத்தில் ராணுவம் என்ன செய்யலாம் என்று தலைப்பு விழுந்தால் பாதிப் பேர் ‘விரட்டணும்’, மீதிப் பேர் ‘மனிதாபிமானம் வேணும்’ என்று கத்துவார்கள். குழுத் தேர்வை நடத்தும் அதிகாரியான ஜி.டி.ஓ. இரண்டையும் ஆயிரம் தடவை கேட்டவர். எல்லைப் பாதுகாப்புப் படையான பி.எஸ்.எஃப்.பில் வங்க எல்லையில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எந்த எல்லை, யார் காவல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வங்கதேச எல்லை 4,096 கி.மீ., அது பி.எஸ்.எஃப். நேபாளம், பூட்டான் பக்கம் எஸ்.எஸ்.பி. எனும் சஷஸ்திர சீமா பல். இரண்டும் உள்துறை அமைச்சகத்தின் கீழ். மியான்மர் பக்கம் இருக்கும் அசாம் ரைபிள்ஸுக்கு நிர்வாகம் உள்துறை, களத்தில் கட்டளை ராணுவம். எல்லாவற்றையும் ‘நம்ம ஆர்மி’ என்று மொத்தமாக அடித்துவிட்டால் அங்கேயே போச்சு.

அப்புறம் அந்தந்த நாட்டோடு போட்ட ஒப்பந்தத்துக்கு வாருங்கள். ஜவானின் வேலையைத் தீர்மானிப்பது அதுதான். 1950 உடன்படிக்கையால் நேபாளிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அங்கே ஆளைத் தடுப்பது வேலையல்ல, கடத்தலைப் பிடிப்பதுதான் வேலை. வங்கதேசத்தோடு 2011-இல் போட்ட எல்லை மேலாண்மைத் திட்டம் இரு படைகளும் தகவல் பகிர்ந்து, ஒரே நேரத்தில் ரோந்து போக வழி செய்தது.

ஃப்ளாக் மீட்டிங், அதாவது இரு நாட்டு எல்லைக் காவலர்களும் கொடியோடு சந்திப்பது, எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டைத் தேடி வந்த கிழவர் எல்லைத் தூணைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார். விசாரித்து, வேறு வில்லங்கம் இல்லையென்றால் எதிர்ப்பக்கக் கம்பெனி கமாண்டருக்குச் செய்தி போகும். சரியாக எல்லை ஓடும் பூஜ்யக் கோட்டில் இரு தரப்பும் கொடியோடு வருவார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், மடியில் இருந்த பீடிக்கட்டு வரை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே ஆள் கைமாறுவார். நடுவில் டீயும் வரும். குன்னூர்க்காரன் நாக்குக்கு அது டீயே இல்லை, அது வேறு கதை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? மத்தியதரைக் கடலில் ஆட்களைக் கள்ளத்தனமாகப் படகேற்றும் கும்பல்களைத் தடுக்க ஐரோப்பியக் கடற்படைகள் 2015-இல் தொடங்கிய சோஃபியா நடவடிக்கையைச் சொல்லுங்கள். கடலில் மீட்டவர்களை எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. 2019-இல் கப்பல்களையே விலக்கிக்கொண்டார்கள்.

கோத்தகிரி, கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த பிள்ளைகள் சொந்தக் கதையைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எதற்கு? உங்கள் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாடுகள் ஒத்துழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவனுக்கு அதுவே பதில்.

அகதி பற்றிக் கேள்வி வந்தால், 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதைக் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு, அடுத்தவர் பேச இடம் விடுங்கள்.