மல்கா நிலத்தில் கார்பன் திட்டம்: எல்லை வரைவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் கோபார், பர்க் வட்டாரங்கள் மல்கா என்ற வறண்ட நிலக் கருவேல இன மரம் வளரும் பகுதி. மரங்கள் உறிஞ்சிச் சேர்க்கும் கார்பனுக்கு வரவு பெறும் கார்பன் பண்ணையத்துக்கு அங்கே யாரும் நாற்று நடுவதில்லை. மேய்ச்சலைக் கட்டுப்படுத்தினால் மண்ணில் கிடக்கும் விதையும் கடிபட்ட மரக்கன்றுமே மரமாகிவிடும். சிரமமெல்லாம் எந்த இடம் காடாகும் என்று குறிப்பதில்தான்.

படி 1: அங்கே காடு என்றால் குறைந்தது 0.2 ஹெக்டேர் பரப்பு, 2 மீட்டர் உயரம், 20 சதவீதக் கவிகை (மரத்தழை மேலிருந்து நிலத்தை மூடும் அளவு). ஏற்கெனவே காடாக இருக்கும் பகுதி, சாலை, குட்டை, பாறை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

படி 2: வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் போதும், இலவசம், காசு கொடுத்து வேறெதுவும் வாங்காதீர்கள். எல்லை வரைய சென்டினல்-2 செயற்கைக்கோள் படமே என் தேர்வு. அதில் ஒரு கட்டம் 10 மீட்டர் என்பதால் 0.2 ஹெக்டேருக்கு 20 கட்டங்கள் கிடைக்கும். 30 மீட்டர் கட்டமுள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் இரண்டு சொச்சம்தான். ஆனால் 2015-க்கு முந்தைய வரலாற்றுக்கு லேண்ட்சாட்டை விட்டால் வழியில்லை.

படி 3: படத்தின் தேதி. என்னை அதிகம் திணறடித்தது இதுதான். மழை பெய்த சில வாரங்களில் புல்லும் பூண்டும் தளதளவென எழுந்து, நிலம் முழுக்க மரம் போலவே படத்தில் தெரியும். நீண்ட வறட்சியின் கடைசியில் எடுத்த படத்தைத் தேடுங்கள். புல் காய்ந்து வெளிறியிருக்கும். மல்கா மட்டும் சாம்பல் கலந்த பச்சையாக நிற்கும். ஒரே ஆண்டின் படத்தை நம்பாமல், பல வறண்ட பருவங்களை அடுக்கிப் பாருங்கள்.

படி 4: வேலிக்கு அப்பால், அதே மண்ணும் மழையும் உள்ள பக்கத்து நிலத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். வளர்ச்சிக்குக் காரணம் மழையா, மேலாண்மையா? ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஆண்ட்ரூ மேக்கிண்டோஷ் இத்தகைய கார்பன் திட்டங்கள் மீது 2022-இல் எழுப்பிய விமர்சனத்தின் மையம் இதுவே. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வரைபடத்தை நான் ஏற்கமாட்டேன்.

படி 5: நடந்து பாருங்கள். நம்மூர்க் குன்றுகளில் வளரும் விராலிப் புதர் அங்கேயும் அடர்ந்து கிடக்கிறது. அதுவும் வறட்சியில் பச்சையாக இருப்பதால் மல்கா என்று படம் ஏமாற்றும். மல்காவின் கிளைகள் மேல்நோக்கிச் சாய்ந்து மழைநீரை அடிமரத்துக்கு இறக்கும். அந்த அமைப்பைக் கண்டால் சந்தேகம் வராது. கன்றின் நுனி கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டை வெளியேற்றினாலும் காட்டு ஆடுகள் இருக்கும். அவற்றைப் பிடிக்க, நீர்நிலையைச் சுற்றி உள்ளே மட்டும் திறக்கும் கதவு வைத்த பட்டி அமைப்பதே நல்ல வழி.

பின்சேர்க்கை: புதிதாகப் பதிய முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னபடி மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, மனிதத் தலையீட்டால் காடு மீட்கும் அந்தத் திட்ட முறை 2023 செப்டம்பர் 30-உடன் காலாவதியானது. முன்பே பதிந்த திட்டங்கள் தொடர்கின்றன. அவற்றில் 100 ஆண்டுக்குப் பதிலாக 25 ஆண்டுக் காப்புக்காலத்தை (சேர்ந்த கார்பனை நிலத்திலேயே காக்க வேண்டிய காலம்) தேர்ந்தவர்களுக்குக் கார்பன் வரவில் 20 சதவீதம் கழிக்கப்படும். வருமானக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள்.