ஜெர்மனியில் பதிவுத் திருமணம்: ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைக் கடவுச்சீட்டு

இருவரும் வசிப்பது ஜெர்மனியில், இருவருமே ஜெர்மன் குடிமக்கள் அல்லர் என்றால், திருமணத்துக்கு முதலில் மண்டபம் பார்க்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். இங்கே கல்யாணங்கள் தள்ளிப்போவது பெரும்பாலும் அந்த ஒரு தாளால்தான்.

கோயில் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் ஊர்கூட்டித் தாலி கட்டினாலும், சட்டப்படி நீங்கள் இன்னும் திருமணமாகாதவர்கள். 2009 முதல் எழுத்துக்கு, அதாவது பதிவுத் திருமணத்துக்கு, முன்பே சடங்கை நடத்தத் தடையில்லை. ஆனால் விசா, வரி, காப்புறுதி எதற்கும் அது செல்லாது. இந்தியாவில் கதையே வேறு. அங்கே இந்து முறைப்படி தாலி கட்டிய திருமணம், பதிவு செய்யாவிட்டாலும் செல்லும். ஊரில் தாலி கட்டிவிட்டு இங்கே வந்து 'திருமணமாகாதவர்' என்று எழுதிக் கொடுப்பது பொய் வாக்குமூலம். அது எப்படிப் பிடிபடும் என்பதைக் கீழே பாருங்கள்.

ஜெர்மனியிலேயே எழுத்து வைப்பதானால், உங்களில் ஒருவர் வசிக்கும் ஊரின் ஸ்டாண்டஸம்ட்டுக்கு, அதாவது சிவில் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், குடும்ப நிலையும் குறிக்கப்பட்ட விரிவான வதிவிடச் சான்று, திருமணமாகாதவர் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். முன்பு மணமாகி விவாகரத்தானவர் இறுதித் தீர்ப்பையும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டவர் திருமணமாகாதவர் சான்றை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் பெறலாம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள எந்தத் தாளையும் ஜெர்மன் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்தான் மொழிபெயர்க்க வேண்டும். ஊரில் மலிவாகச் செய்துவந்த மொழிபெயர்ப்பைப் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள்.

வெளிநாட்டவர் தம் நாட்டிலிருந்து திருமணத் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1309-ஆம் பிரிவு. இந்தியாவும் இலங்கையும் அந்த வகைச் சான்றை வழங்குவதில்லை. அதனால் மாநில உயர் நீதிமன்றத் தலைவரிடம் இருவருக்கும் விலக்குக் கேட்க வேண்டும். விண்ணப்பத்தை ஸ்டாண்டஸம்ட்டே அனுப்பிவைக்கும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்து 15 முதல் 305 யூரோ வரை. விலக்கு 6 மாதமே செல்லும், அதைக் கணக்கில் வைத்தே நாள் குறியுங்கள்.

நம்மில் ஏதிலித் தகுதி பெற்று நீலப் பயண ஆவணம் வைத்திருப்பவருக்கு இந்த விலக்குத் தேவையில்லை. வசிக்கும் நாட்டின் சட்டமே அவருக்குப் பொருந்தும். தாள் வேண்டும் என்று அவர் சொந்த நாட்டுத் தூதரகத்தின் வாசலை மிதிக்கக் கூடாது. அந்த ஒரு நடையே ஏதிலித் தகுதிக்கு உலை வைக்கலாம்.

இனி உண்மையான தலைவலி. அப்போஸ்தில் என்பது ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரை. இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது, ஆனால் இந்தியாவின் சேர்க்கைக்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. சென்னையில் ஏஜென்டுக்குக் காசு கொடுத்து ஒட்டிவரும் அப்போஸ்தில் இங்கே வெறும் ஸ்டிக்கர்தான். அதற்குப் பதிலாக ஸ்டாண்டஸம்ட் உங்கள் ஆவணங்களை அந்நாட்டிலுள்ள ஜெர்மன் தூதரகம் வழியாகச் சரிபார்க்கச் சொல்லும். இலங்கை ஆவணங்களுக்கும் இதே வழிதான். தூதரகம் அமர்த்தும் உள்ளூர் வழக்கறிஞர் பதிவேட்டைப் பார்ப்பார், படித்த பள்ளிக்கும் போவார், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். சில நூறு யூரோ முன்பணமும் சில மாதங்களும் ஆகும். பக்கத்து வீட்டு அம்மா 'அந்தப் பிள்ளைக்குத்தான் போன தையிலேயே கல்யாணம் ஆயிடுச்சே' என்று சொன்னால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். நிச்சயதார்த்தத்தைக் கல்யாணம் என்று சொல்லிவிடுவதும் உண்டு. ஆள் வருவார் என்று வீட்டாரிடமும் அண்டை வீட்டாரிடமும் முன்பே சொல்லிவையுங்கள், உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

தமிழ்நாட்டுப் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். தாய் தந்தை பெயர் மட்டும் இருக்கும். அது யாருடைய சான்றிதழ் என்று ஜெர்மன் அதிகாரி கேட்பதில் தவறில்லை. பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்த்து, புதுப் பிரதி வாங்குங்கள். அடுத்தது தலைப்பெழுத்து. சான்றிதழில் 'க. செல்வி', கடவுச்சீட்டில் செல்வி கந்தசாமி, பள்ளிச் சான்றிதழில் கந்தசாமி செல்வி என்றால் நமக்கு ஒரே ஆள், ஸ்டாண்டஸம்ட்டுக்கு மூன்று பேர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், திருமணத்துக்குப் பின் எந்தப் பெயர் எங்கே வரும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இத்தனையும் கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் யோசனை, டென்மார்க் போய் மணம் முடிப்பது. நியாயமான யோசனைதான். 2019 முதல் அங்கே விண்ணப்பங்களை நகராட்சிகள் பார்ப்பதில்லை. ஃபமிலியரெட்ஸ்ஹூஸெட் என்ற குடும்பச் சட்ட அலுவலகம் ஒன்றே பார்க்கிறது. இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். 2019-இல் 1,650 குரோனாக இருந்தது, பின்னர் ஏறிவிட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. தாள்கள் முழுமையாக இருந்தால் 5 வேலை நாளில் முடிவு தருவதே அவர்களின் இலக்கு. அனுமதிச் சான்று 4 மாதம் செல்லும். கோபன்ஹேகன், எல்லையோர டோண்டர், எரோ தீவு என்று எங்கே வேண்டுமானாலும் நாள் வாங்கலாம். சடங்கை ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ நடத்துவார்கள். சாட்சிகள் இல்லாவிட்டால் நகராட்சி ஊழியர்களே நிற்பார்கள்.

அங்கே சறுக்கும் இடங்கள் இரண்டு. வதிவிடச் சான்றில் குடும்ப நிலை 'தெரியவில்லை' என்று இருப்பது ஒன்று. ஜெர்மனிக்கு வந்து பதிந்த அன்று யாரும் கவனிக்காத கட்டம் அது. ஜெர்மனியில் நீங்கள் வசிக்கும் ஊரின் குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் முதலில் அதைத் திருத்துங்கள். மற்றது வதிவிட உரிமை. டுல்டுங் எனப்படும், நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தாளும் அகதி விண்ணப்பத் தாளும் டென்மார்க்குக்குள் நுழைய உதவாது. சுற்றுலா விசாவில் வந்தவர் அங்கே மணம் முடிக்கலாம், ஆனால் அதை வைத்து ஜெர்மனியில் தங்கிவிட முடியாது. ஊர் திரும்பிக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிப்பதே பொது விதி. உயர்திறன் பணியாளருக்கான புளூ கார்டு என்ற வதிவிட அனுமதி உள்ளவரின் துணைக்கு, ஏ1 எனப்படும் அடிப்படை ஜெர்மன் மொழிச் சான்று மட்டும் தேவையில்லை.

டென்மார்க்கின் பன்மொழித் திருமணச் சான்றிதழை ஜெர்மனி அப்போஸ்தில் இல்லாமலே ஏற்கும். 2019 பிப்ரவரி 16 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதியும் அதுதான். இந்தியாவில் காட்டுவதற்கு டென்மார்க் வெளியுறவு அமைச்சின் அப்போஸ்தில் வேண்டும்; டென்மார்க்கை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஜெர்மனி வந்ததும் குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் குடும்ப நிலையை மாற்றுங்கள். வரி வகுப்பு தானாகவே நான்கு-நான்கு என்று மாறும். மூன்று-ஐந்து வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மன் பதிவேட்டில் வெளிநாட்டுத் திருமணத்தைப் பின்பதிவு செய்யும் வசதி ஒருவராவது ஜெர்மானியராகவோ ஏதிலித் தகுதி உள்ளவராகவோ இருந்தால்தான் உண்டு. மற்றவர்களுக்கு டென்மார்க் மூலப்பிரதியே ஒரே ஆதாரம். கூடுதல் பிரதிகள் வாங்கிவையுங்கள்.

இவ்வளவு சுலபமென்றால் ஏன் எல்லோரும் டென்மார்க் போவதில்லை என்று கேட்பீர்கள். டென்மார்க் சரிபார்ப்பைத் தவிர்த்துத் தருவதில்லை, அதன் நாளைத்தான் தள்ளிப்போடுகிறது. பிள்ளை பிறந்ததும் அதே ஸ்டாண்டஸம்ட் பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் கேட்கும். சரிபார்க்கப்படாத தாள் என்றால் பெற்றோர் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்போடு பிறப்புப் பதிவேட்டு நகல் மட்டும் வரலாம். அதை வைத்துக் கைக்குழந்தைக்குக் கடவுச்சீட்டு வாங்க அலைய வேண்டிவரும். ஆகவே கோபன்ஹேகனில் நாள் வாங்கினாலும், பெயரில்லாத அந்தச் சான்றிதழைத் திருத்தும் வேலையை இந்த மாதமே ஊரில் தொடங்கச் சொல்லுங்கள்.