சென்னை பிடிக்காதவர்கள் சென்னைச் சேக்காளிகளைப் பார்த்துவிட்டு வர

திருநெல்வேலியில் இருக்கும் உங்களுக்குச் சென்னை பிடிக்காது, ஆனால் பழகின ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அப்படியென்றால் ஊர் சுற்றும் திட்டமே வேண்டாம். ரோட்டில் நிற்கும் நேரத்தைக் குறைத்தாலே சென்னையில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

முதலில் கிழமை. வெள்ளி ராத்திரி சென்னையிலிருந்து தெற்கே வரும் வண்டிகளும், ஞாயிறு ராத்திரி இங்கிருந்து கிளம்பும் வண்டிகளும்தான் பிதுங்கும். நீங்கள் எதிர்த்திசையில் போங்கள்: வெள்ளி ராத்திரி ஜங்ஷனில் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் போக வேண்டாம், அப்போது சேக்காளியே இங்கே வந்திருப்பார். ரயில் முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். வெள்ளி டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் ஞாயிறை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. அது இரண்டு நாள் கழித்துத்தான் திறக்கும், அதற்குத் தனியாக அலாரம் வையுங்கள்.

அடுத்து இறங்கும் இடம். எல்லோரும் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் பக்கம் வீடென்றால் தாம்பரத்திலேயே இறங்கி, கிழக்கு வாசலில் வெளியே வாருங்கள். மேற்கு வாசலில் வந்தால் ஜி.எஸ்.டி. ரோடு. அங்கே ஆட்டோ பிடித்தால் தண்டவாளத்தைக் கடக்கவே சுற்ற வேண்டும். அண்ணா நகர், வடபழனி, அசோக் நகர் ஆட்கள் எழும்பூரில் இறங்கி மெட்ரோ பிடித்தால் நேராகப் போய்விடலாம். பஸ்ஸில் போகிறவர்கள் கோயம்பேட்டை மறந்துவிடுங்கள், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம்தான் இப்போது கணக்கு.

மூன்று மூலையில் மூன்று சேக்காளிகள் இருந்தால் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்காதீர்கள். அம்பத்தூரில் காலைச் சாப்பாடு, சோழிங்கநல்லூரில் மதியச் சாப்பாடு என்று வைத்தால் நடுவில் பார்ப்பது முன்னால் நிற்கிற லாரியின் முதுகைத்தான். ரயில், மெட்ரோவுக்குப் பக்கத்து வீடு யாருடையதோ அங்கே தங்கி, மற்றவர்களை அங்கே வரச் சொல்லுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் பிளாக், வீட்டு எண், எந்த கேட் என்று மூன்றையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். விடிகாலையில் போன் சார்ஜ் இறங்கிக் கிடக்கும், வாட்ச்மேன் விட மாட்டார்.

கையில் அல்வா இல்லாமல் போக முடியாது. ஒரு வீட்டுக்கு அரைக் கிலோ போதும். டவுனில் சாயங்காலம் வாங்குவதாக இருந்தால், ஜங்ஷன் வரை ரோடு நெரியும், ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். சுடச்சுடக் கட்டிய பொட்டலத்தை அப்படியே பைக்குள் அமுக்கினால் உள்ளே வேர்த்து, சீக்கிரம் கெட்டுப்போகும். கொஞ்சம் பிரித்து வைத்து, சூடு ஆறியதும் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். இல்லாவிட்டால் நெய் கசிந்து சட்டையெல்லாம் மணக்கும். போய்ச் சேர்ந்ததும் அதை ஃபிரிட்ஜில் வைக்க விடாதீர்கள். நெய் உறைந்து ரப்பராகிவிடும். உறைந்தே போனால், கிண்ணத்தோடு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால் இளகும். கூடவே மிதுக்கவத்தலும் கருப்பட்டியும் கொண்டுபோனால் வீட்டுக்காரம்மா முகம் தனியாக மலரும்.

அங்கே குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்க லாரித் தண்ணீர் என்று இருக்கலாம். வாளியில் குளியுங்கள். “நம்ம தாமிரபரணித் தண்ணி மாதிரி வருமா” என்று ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். அவர்களுக்கும் அது தெரியும்.

ஞாயிறு மத்தியானம் பெட்டியோடு கிளம்பி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஸ்டேஷனிலிருந்து ரொம்பத் தூரமில்லை, வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரியா நூறு வருஷத்துக்கும் முன்னால் நம்ம தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன. சென்னையில் நம்மூர் ஆட்கள் மெனக்கெட்டுப் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

திரும்பும்போது வண்டி எழும்பூரிலா தாம்பரத்திலா கிளம்புகிறது என்று டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். எழும்பூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஏறுவதானால், ஏறும் இடத்தை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் “ஆள் வரவில்லை” என்று டி.டி.ஆர். குறித்து, உங்கள் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்.